இரண்டு கிளப்புக்கும் பொதுவான ஆள்

என்னைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது, கேம்ப் என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் ஓர் இரானி ஹோட்டலில். பிரித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் சித்தப்பா. கட்கியில் நாங்கள் குடியிருந்த தொழிற்சாலை லைனுக்கென்று ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது, அதற்கு அவர்தான் செக்ரட்டரி. இன்னொருவர் கேம்ப்பில் பூட்ஸ் கடை வைத்திருந்தவர். அங்கே இருந்த பெரிய கிளப்பின் செக்ரட்டரி. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அங்கிள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பேசுவது என்னைப் பற்றி என்பதில் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் 'ஆதா ஆதா' என்று பெயர். ஹிந்தியில் பாதி பாதி. ஓர் ஆட்டக்காரன் இரண்டு கிளப்புக்குப் பொது. ஃபுட்பால் சங்கத்தின் விதிகளில் இப்படி ஒன்று கிடையாது. விதிப்படி ஒரு ஆள் ஒரு சீசனுக்கு ஒரு கிளப்பில்தான் பெயர் பதியலாம். ஆனால் சின்ன கிளப்பில் ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால் பெரிய கிளப்புக்கு மூக்கில் வியர்த்துவிடும். சின்ன கிளப்புக்கோ கைவிட மனசு வராது. அப்போதுதான் இரண்டு செக்ரட்டரிகளும் இப்படி டீ குடிக்க உட்காருவார்கள். என் விஷயத்தில் முடிவானது இதுதான்: முதல் வருஷம் என் பெயர் கேம்ப் கிளப்பில், அடுத்த வருஷம் லைன் கிளப்பில், மூன்றாவது வருஷம் மறுபடி கேம்ப். பெயர் கையில் இல்லாத கிளப் அந்த வருஷம் பதிவு கேட்காத சின்னச் சின்னக் கோப்பை ஆட்டங்களில் என்னை இறக்கிக்கொள்ளலாம். எழுத்தில் எதுவும் இல்லை. கை குலுக்கினார்கள், எழுந்தார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு ஃபுட்பாலில் இருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. சங்கத்தின் லீக் ஆட்டங்களில் ஒருவன் பெயர் மூன்று சீசன் தொடர்ந்து பதிவேட்டில் ஏறினால் அவனுக்குச் சங்கம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு அரசாங்க அலுவலகங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போடலாம். நான் பன்னிரண்டாவதில் இரண்டு தடவை தவறியவன். அப்பா தொழிற்சாலையில் ஓய்வு பெற மூன்று, மூன்றரை வருஷம்தான் பாக்கி. அவர் ஓய்வு பெற்ற உடனே லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊர்ப் பக்கம், வட ஆற்காட்டில், எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அதனால்தான் அப்பா நான் மைதானத்துக்குப் போவதைத் திட்டவில்லை. "ஆடு, ஆனா நௌக்ரிக்காக ஆடு" என்பார். நௌக்ரி என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் வேலை என்றால் பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது. சம்பளம் வருகிற வேலை நௌக்ரி.

இரானி ஹோட்டலில் பேச்சு முடிந்த வாரமே அங்கிள் தன் கடையில் என்னை உட்காரவைத்து ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார். சங்கத்தில் கொடுக்கும் பதிவு ஃபாரம். இரண்டு போட்டோவும் வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இன்னொரு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது எதுக்கு சித்தப்பா? கேம்ப்ல போட்டுட்டனே" என்றேன்.

"அது இருக்கட்டும்டா. அடுத்த வருசம் நம்ப கிட்டதான வர்ற? அப்ப உன்னைத் தேடிக்கினு திரிய முடியாது. போட்டு வை."

போட்டேன். கையெழுத்துதானே என்று நினைத்தேன். அப்போது கையெழுத்து கேட்டு வருகிறவர்கள் எனக்குப் புதிது, அதனால் இரண்டாவது கையெழுத்தை முதல் கையெழுத்தைவிட அழகாகப் போட்டதாக ஞாபகம்.

சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது மற்ற எல்லாருக்கும் சங்கத்தின் கார்டு வந்தது. போட்டோ ஒட்டி, அதன் மேல் முத்திரை குத்திய அட்டை. ஆட்டத்துக்கு முன் நடுவர் வரிசையாக நிற்கவைத்து, பெயர் கூப்பிட்டு, அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். எனக்கு மட்டும் கார்டு வரவில்லை. ஆபீசில் தாமதம் என்றார் அங்கிள். வரும், வராமல் எங்கே போகும் என்றார். அதுவரைக்கும் என்று சொல்லி இன்னொருவர் கார்டைக் கொடுத்தார். அந்தக் கார்டின் சொந்தக்காரர் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. அவர் மீசை வைத்தவர், என்னைவிட நல்ல நிறம். நடுவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். அங்கிள் கடையில்தான் நடுவர்களுக்கும் பூட்ஸ். "சல், டீக் ஆஹே", சரிதான் போ என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் சித்தப்பா காதுக்கு எட்டியது. கேம்ப் ஒரு பொய்க் கார்டில் இறக்கினால் நாம் மட்டும் ஏன் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. லைன் கிளப் இரண்டாவது டிவிஷனில் இருந்தது. அங்கே அவர் மகனுக்கு ஒரு கார்டு இருந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவன், எனக்குத் தம்பி முறை. பட்டியலில் பதினெட்டுப் பேர் வேண்டும் என்பதற்காக அவன் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார். நல்ல பையன்தான். சாது. ஆனால் பந்து நேராக வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். எங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் குடும்பத்து மூக்கு, அதே நெற்றி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் எங்களைப் பெற்றவர்களே தடுமாறுவார்கள்.

ஆக சனிக்கிழமை கேம்ப்புக்காக ஆடினால் நான் குவைத்காரன். ஞாயிற்றுக்கிழமை லைனுக்காக ஆடினால் என் தம்பி. நடுவர் அவன் பெயரைக் கூப்பிடும்போது நான் கை தூக்குவேன். முதல் இரண்டு தடவை தாமதமாகத் தூக்கினேன். பிறகு பழகிவிட்டது. தெருவில் யாராவது அவனைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது. நான் ஆடும் நாளில் அவன் மைதானத்துப் பக்கமே வரக் கூடாது என்று சித்தப்பா சொல்லி வைத்திருந்தார். ஒரே மூக்கை நடுவர் இரண்டு இடத்தில் பார்த்துவிடக் கூடாதில்லையா? அதனால் அவன் வீட்டிலேயே இருந்தான். ஆட்டம் முடிந்து நான் வந்ததும், "இன்னிக்கு நான் எத்தினி கோல் போட்டேன்ணா?" என்று கேட்பான். இரண்டு பேரும் சிரிப்போம். எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆங்கிலப் பத்திரிகையின் உள்ளூர் பக்கத்தில் சில திங்கட்கிழமைகளில் லீக் முடிவுகள் இரண்டு வரியில் வரும். யார் யாருக்கு எதிராக, யார் கோல் போட்டது. அவன் பெயர் அதில் ஆறு ஏழு தடவை வந்தது. சித்தி அதையெல்லாம் வெட்டி ஒரு பழைய டைரியில் ஒட்டி வைத்தாள். வெட்டும்போது என்னைப் பார்த்து, "உன்னோடதுதான்டா, நான் பத்திரமா வைக்கறேன்" என்றாள். குவைத்காரர் பெயரும் வந்தது. அதை வெட்டி வைக்க யாரும் இல்லை.

இரண்டு கிளப்பும் என்னை எப்படிக் காவல் காத்தன என்பதைச் சொல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியாது. அங்கிள் கொடுத்த தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு லைனுக்கு ஆடக் கூடாது. அது கேம்ப்பின் சொத்து. லைனுக்கு நான் விரல் இடத்தில் பிய்ந்த கேன்வாஸ் ஷூவில்தான் ஆடினேன். வெள்ளிக்கிழமை லைன் கிளப்பில் என்னை ஓடவிட மாட்டார்கள் என்று பெயர், ஆனால் ஓடவிடுவார்கள், சனிக்கிழமை நான் களைத்து நிற்கட்டும் என்று. தேஹு ரோட்டில் ஒரு கோப்பை ஆட்டத்தில் இரண்டு கிளப்பும் அரையிறுதியில் மோதிக்கொண்டன. ஆதா ஆதாவில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு: பொதுவான ஆள் யாருக்கும் ஆடக் கூடாது. நடுக்கோட்டுக்கு நேராக வெளியே உட்கார வேண்டும், ஒரு பக்கமாக நகரக் கூடாது. நானும் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒருவன், "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாவம், இன்னிக்கு பட்டினி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பந்து வெளியே என் காலடிக்கு உருண்டு வந்தபோது எடுத்துப் போடக்கூட என்னை விடவில்லை. எந்தப் பக்கத்து ஆளுக்குப் போடுவேன் என்று சண்டை வரும் என்றார்கள். தொண்ணூறு நிமிஷம் நான் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டியில் கேம்ப் ஜெயித்தது. அன்றைக்கு மாலை சித்தப்பா என்னோடு பேசவில்லை, நான் என்னமோ தோற்கடித்தது மாதிரி.

மூன்று சீசன் இப்படி ஓடியது. ஒவ்வொரு வருஷமும் கார்டைப் பற்றிக் கேட்பேன். அங்கிள், உன் சித்தப்பாவைக் கேள் என்பார். சித்தப்பா, "பேப்பரு எல்லாம் ஆபீஸ்ல கீது, நீ டென்ஷன் ஆவாத" என்பார். நான் டென்ஷன் ஆகவில்லை. ஆடக் கிடைத்தது, கோல் விழுந்தது, இரண்டு கிளப்பிலும் என் தோளில் கை போட்டார்கள். இருபது வயதில் அதற்கு மேல் நான் எதையும் துருவிப் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்கு ஓர் இடம் என்று விளம்பரம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்கச் சங்கத்தின் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் வயதான மராட்டிக்காரர், பொறுமையானவர். பெயரைக் கேட்டார். பதிவேடுகளை எடுத்துப் போட்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். முதல் வருஷத்துப் புத்தகத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

என் பெயர் இருந்தது. முழுப் பெயர், அப்பா பெயரோடு. மேலே தலைப்பு: இரண்டு கிளப்பில் பெயர் கொடுத்ததற்காக ஒரு சீசன் நீக்கப்பட்டவர்கள். அதன் கீழே ஒரே ஒரு பெயர்தான், அது என்னுடையது. மற்ற இரண்டு புத்தகங்களில் எங்கேயும் இல்லை.

கிளார்க் அதை எனக்குப் புரியும்படி விளக்கினார். இரண்டு ஃபாரமும் ஒரே வாரத்தில் வந்தன, இரண்டிலும் என் கையெழுத்து. விதிப்படி அந்த ஆளுக்கு ஒரு வருஷம் தடை. இரண்டு கிளப்புக்கும் கடிதம் போட்டாயிற்று. அடுத்த வருஷம் ஆட வேண்டும் என்றால் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "நீ ஆடறதை விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்று ஹிந்தியில் சொன்னார். அந்த மனிதரிடம் நான் என்ன சொல்ல? நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு கோல் போட்டேன் என்றா?

அங்கிருந்து நேராக அங்கிள் கடைக்கு நடந்தேன். அவர் மறைக்கவில்லை. உன் சித்தப்பா வாக்குத் தவறி ஃபாரம் கொடுத்துவிடுவார் என்று பயந்துதான் முதல் நாளே கொடுத்தேன் என்றார். கொடுத்தது ஒப்பந்தப்படிதானே என்றார். அதுவும் சரிதான். பிறகு ஆட்சேபம் இல்லை என்று ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கொடுத்திருந்தால் நீ மொத்தமாக அங்கே போயிருப்பாய் என்றார். பேசிக்கொண்டே ஒரு வாடிக்கையாளரின் காலுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஏதோ கேட்கப் போனேன். அதற்குள் அவர் அடுத்த சைஸ் எடுக்க உள்ளே போய்விட்டார்.

சித்தப்பா வீட்டில் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். எங்கள் லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டு, மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் கையை உதறவில்லை, எழவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தாளு உன்னை முழுசா முழுங்கிடுவான்னு நெனச்சேன்டா. அதான் நானும் கொண்டு போயி குடுத்தேன். தப்புதான். இல்லன்னு சொல்லல."

"அப்பால எழுதிக் குடுத்திருக்கலாம்ல? ஒரு காகிதம். ஒரே ஒரு காகிதம்."

"அவன் மொதல்ல குடுக்கட்டும்னு இருந்தேன்."

மூன்று வருஷத்தின் விளக்கம் அவ்வளவுதான். என்னை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. கேட்க எவ்வளவு பாசமாக இருக்கிறது! விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன், இத்தாலியில் இரண்டு கிளப் ஓர் ஆட்டக்காரனைச் சட்டப்படியே பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டாம். பேசித் தீராவிட்டால் இரண்டு கிளப்பும் மூடிய உறையில் தங்கள் விலையை எழுதிக் கொடுக்க வேண்டும், அதிகம் எழுதியவருக்கு ஆள் முழுசாகப் போய்விடுவான். அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. அங்கே எந்தப் பக்கம் போனாலும் அவன் அவனாகப் போகிறான்.

நான் கத்திக்கொண்டிருந்தபோது சித்தி உள்ளேயிருந்து மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னாள். தம்பியின் பெயரில் மூன்று சீசன் இருக்கிறது. தொடர்ந்து. கோல்களோடு. டைரியில் வெட்டி ஒட்டியதும் இருக்கிறது. சொல்லிவிட்டுச் சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். தம்பி கதவோரம் நின்றிருந்தான். அவர்கள் இதை முன்கூட்டித் திட்டம் போட்டார்கள் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவர்களுக்கும் தோன்றியது. தோன்றிய பிறகு அதை விட யாருக்கும் மனசு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எதையும் விட யாருக்கும் மனசு வருவதில்லை.

சான்றிதழ் தம்பி பெயரில் வாங்கினார்கள். மனுவும் அவன் பெயரில். இனி பாக்கி அந்த அலுவலகத்தின் மைதானத்தில் ஆடிக் காட்டும் தேர்வு மட்டும்தான். அதில் தம்பி ஐந்து நிமிஷம் நின்றால் குட்டு உடைந்துவிடும். யாரைப் போகச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சித்தப்பா என்னிடம் கேட்கவில்லை. அவருக்கு அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. அப்பாவை அனுப்பினார்.

அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்து வெகு நேரம் பனியனை நீவிக்கொண்டிருந்தார். "உன்னுது போனது போச்சு" என்றார். "நீ போயி ஆடலைன்னாலும் அது உனக்குத் திரும்பி வராது. ஒரு நௌக்ரியாவது நம்ப வூட்டுக்கு வரட்டும்டா. அவனும் நம்ப ரத்தம்தான்."

"நான் இன்னாப்பா பண்றது அப்பால?"

"கைகால் இருக்குது. பொழைச்சிக்குவ."

அப்பாவை அன்றைக்கு நான் வெறுத்தேன். அவர் சொன்னதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாததால் இன்னும் அதிகமாக வெறுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போயிருக்கும், எனக்கு ஒரு திருப்தி கிடைத்திருக்கும். அந்தத் திருப்தியை வைத்துக்கொண்டு லைனில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல நாக்கூசுகிறது. எனக்கு ஆட வேண்டும் போல் இருந்தது. நல்ல மைதானம், வலை கட்டிய கோல், விசில் வைத்த மூன்று அதிகாரிகள். என் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே யாரும் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

போனேன். பெயர் கூப்பிட்டார்கள், கை தூக்கினேன். போட்டோவைப் பார்த்தார்கள், மூக்கு பொருந்தியது. பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை வரைக்கும் ஓடவிட்டார்கள், பந்தை உருட்டவிட்டார்கள், அரை மணி நேரம் ஆடவிட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஆடியதில்லை. முடிந்ததும் அந்த அலுவலகத்தின் கோச் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பியின் பெயரைச் சொல்லி, எங்கே இருந்தாய் இத்தனை நாள் என்றார். நான் நன்றி சொன்னேன். வெளியே மரத்தடியில் சித்தப்பா ஸ்கூட்டரோடு காத்திருந்தார். வரும் வழியில் அவர் ஒரு கடையில் நிறுத்தி எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. இரண்டு கிளப்பிலிருந்தும் ஆள் வந்தது, முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன்.

நேர்முகத்துக்கும் மருத்துவச் சோதனைக்கும் அவனே போனான். வேலை கிடைத்தது. அப்பா ஓய்வு பெற்றார், நாங்கள் லைன் வீட்டைக் காலி செய்து கோந்த்வாவில் ஓர் அறையும் அடுக்களையுமாக வாடகைக்குப் போனோம். கொஞ்ச நாளில் நான் சாகண் பக்கம் ஒரு கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை. மூன்று பஸ் மாற வேண்டும். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுப்பார்கள், நிரந்தரம் என்று சட்டம் பேசக் கூடாதில்லையா? தம்பியின் கதை வேறு. அவனுக்கு மைதானத்தில் இறங்க வேண்டிய கட்டாயம் வந்தபோது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டான். முட்டி வலிகூட நான் சொன்ன பொய்தான், அதையும் அவன் எடுத்துக்கொண்டான். அலுவலகத்தில் அவனை மேசை வேலைக்கு மாற்றினார்கள். அந்தக் கோச் ஓய்வு பெறும் வரை, எப்பேர்ப்பட்ட ஆள், முட்டி இப்படிச் செய்துவிட்டதே என்று எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தாராம். இதை என்னிடம் சொன்னது தம்பிதான். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

கல்யாணம், காதுகுத்து என்று பார்த்துக்கொள்வோம். அவன் என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் இருந்தான். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்காது. எதிரே வந்தால் எழுந்து நிற்பான், என் குழந்தைக்குச் செய்ய வேண்டியதற்கு மேல் செய்வான். பேச்சு ஒரு தடவையாவது ஃபுட்பால் பக்கம் போனதில்லை. டிவியில் ஆட்டம் ஓடினால் யாராவது ஒருவர் சேனலை மாற்றிவிடுவோம்.

பத்து, பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கோந்த்வா வீட்டுக்குத் தனியாக வந்தான். என் மனைவி அவல் போஹா செய்து கொடுத்தாள். தின்று முடித்த பிறகும் தட்டைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

"ஆபீஸ்ல விளையாட்டு கோட்டால புதுசா பசங்க சேர்ந்திருக்காங்கண்ணா. அவங்களுக்கு நான் பேசணுமாம். பழைய பிளேயர்ன்னு." கொஞ்சம் நிறுத்தினான். "மறக்க முடியாத கோல் ஒண்ணைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. எனக்கு இன்னா தெரியும்? என்னைத்தான் கிரவுண்டு பக்கமே விடலியே."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தட்டைப் பிடுங்கி வீசிவிட்டு எழுந்து போடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேலை போயிற்று, வீடு போயிற்று, இனி ஞாபகத்திலும் பாதி வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். காதோரம் நரை.

என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை, சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வருஷம், லைன் கிளப்புக்கு ஆடியது, ஆடி மாத மழை. கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கும், பந்து உருளாது. எல்லாரும் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பந்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. கோட்டை ஒட்டி, கொஞ்சம் புல் இருந்த இடமாகப் பார்த்து ஓடினேன். ஒருத்தன் சறுக்கிக்கொண்டு வந்தான், நான் சும்மா நின்றேன், அவன் தன் பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்தவன் என் பனியனைப் பிடித்தான், கிழிந்தது. கோல் கீப்பர் முன்னால் வந்துவிட்டான். நான் சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன். டீப்பாயைத் தள்ளி வைத்துவிட்டுக் காலை எங்கே ஊன்றினேன் என்று காட்டினேன். அந்தக் கோலை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. யாரிடம் சொன்னாலும், உன் பெயர் எதிலும் இல்லையே என்ற கேள்வி வரும். அது என்னுடையது என்று தெரிந்து கேட்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அவன் வேக வேகமாக எழுதிக்கொண்டான். பிறகு, "ஒரு தபா சொல்லிப் பாக்கறேண்ணா, தப்பு இருந்தா சொல்லு" என்று எழுந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தான். "அன்னிக்கு நல்ல மழை. நான் கோட்டை ஒட்டி ஓடினேன். ஒருத்தன் சறுக்கிக்கினு வந்தான், நான் அப்படியே நின்னுட்டேன். கோலி முன்னாடி வந்துட்டான். நான் வலது காலால தூக்கி அடிச்சேன்."

"அப்படி இல்லடா" என்றேன். "தூக்கி அடிக்கல. தரையோட தரையா, மெல்ல, எடது காலால தள்ளிவிட்ட நீ."